பல்கலைக்கழகமும் சட்டமன்றமும்: பினாங்குத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஓர் ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ மகஜர் (கோரிக்கை மனு) தயாரித்தால், அது நேராகச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறது. படம் எடுக்கிறார்கள், நாளிதழில் செய்தி வருகிறது, அதன்பின் சத்தம் இல்லை. அதே தீவில், கெலுகோர் மேட்டில், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) இருக்கிறது. மண்ணையும் கடலையும் மருந்தையும் சமூகத்தையும் வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுடைய அறிவைச் சட்டமியற்றும் மன்றத்துக்குக் கொண்டுபோக நமக்கு உரிமை உண்டு என்பதே இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு. சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

பொதுப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டமியற்றுவதில் என்ன வேலை?

வாக்களிக்கும் வேலை இல்லை. பினாங்குச் சட்டமன்றத்தில் 40 உறுப்பினர்கள், நாடாளுமன்ற மக்களவையில் 222 பேர், மேலவையில் 70 பேர். இந்த மூன்றிலும் பல்கலைக்கழகத்துக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. தம் துறையில் சிறந்து விளங்கியவர்களை மேலவைக்கு நியமிக்கக் கூட்டரசு அரசியலமைப்பின் 45ஆவது விதி வழிவிடுகிறது. அப்படி ஒரு பேராசிரியர் நியமிக்கப்பட்டாலும் அவர் தனிமனிதராகத்தான் அமர்கிறார்.

பல்கலைக்கழகம் செய்வது வேறு. அரசு கேட்கும் ஆய்வை நடத்தித் தருகிறது. நாடாளுமன்றத்தின் சிறப்புத் தேர்வுக்குழு அழைத்தால் போய்ச் சாட்சியம் சொல்கிறது. வரைவுச் சட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது எழுதித் தருகிறது. யாரும் கேட்காதபோதும், ஆபத்து தெரிந்தால், பத்திரிகையில் எழுதி எச்சரிக்கிறது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

பினாங்குச் சட்டமன்றத்துக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?

உண்டு, அதுவும் பிறப்பிலேயே. 1962இல் பினாங்கு மாநிலச் சட்டமன்றம் இங்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. சுங்கை ஆராவில் இடம் பார்த்தார்கள். 1967 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில், கெலுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடத்தை இரவல் வாங்கி வகுப்புகள் தொடங்கின. பிறகு, பிரிட்டிஷ் படையின் மிண்டன் முகாம் இருந்த இன்றைய வளாகத்துக்கு மாறி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் வந்தது. பினாங்கில் எல்லாரும் சொல்லும் யுஎஸ்எம் அதுதான்.

ஆக, இந்தத் தீவின் மக்கள் பிரதிநிதிகள் கூடி வேண்டும் என்று கேட்டதால் உருவான நிறுவனம் இது. சட்டப்படி அது இன்று கூட்டரசின் கீழ் இயங்குகிறது. உயர்கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது, துணைவேந்தரை நியமிப்பவர் கூட்டரசு அமைச்சர், பெரும்பகுதி பணமும் புத்ராஜெயாவிலிருந்தே வருகிறது. மாநிலத்தின் கைக்கு நேரடியாக எட்டாத, ஆனால் மாநிலத்தின் மண்ணிலேயே இருக்கும் அறிவு என்று அதைச் சொல்லலாம். 2008 முதல் 2018 வரை ஜார்ஜ்டவுனில் ஓர் அணியும் புத்ராஜெயாவில் எதிரணியும் ஆட்சி செய்த ஆண்டுகளில் அந்த நிலை எவ்வளவு சங்கடமானது என்பதைப் பினாங்கு பார்த்தது.

எங்கள் பிரச்சினைக்கு மாநிலச் சட்டமன்றமா, நாடாளுமன்றமா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய மகஜர் வீண். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. நிலம், உள்ளாட்சி, வேளாண்மை, காடு ஆகியவை மாநிலத்துடையவை. கல்வி, தொழிலாளர், குடியுரிமை, குற்றவியல் சட்டம் ஆகியவை கூட்டரசுடையவை. நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், மரபுரிமைப் பாதுகாப்பு போன்றவை இருவருக்கும் பொதுவானவை.

நடைமுறையில் ஒரே பிரச்சினை இரண்டு பட்டியல்களிலும் கால் வைத்திருக்கும். தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி கூட்டரசின் கல்விச் சட்டம் 1996இன் கீழ் வருகிறது. பள்ளி நிற்கும் நிலமோ மாநில நில அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. தேசியப் பள்ளியில் தமிழ் படிக்கக் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்ற விதியை மாற்ற நினைத்தால் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். பள்ளியின் பின்புறம் சரியும் மேட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மாநில அரசிடமும் மாநகராண்மைக் கழகத்திடமும் போக வேண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்களுக்கும் இதே வழிதானா?

இல்லை. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம். அங்கே மாநிலச் சட்டமன்றமே கிடையாது. மாநகர மேயரும் தேர்தலில் வருபவர் அல்லர். மக்கள் வாக்களித்து அனுப்பும் ஒரே பிரதிநிதி நாடாளுமன்ற உறுப்பினர்தான். அதனால் அங்கே பல்கலைக்கழகத்தின் குரலுக்கு இன்னும் கூடுதல் மதிப்பு உண்டு என்பது என் கருத்து. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கிய சட்டத்துறையும், ஜனநாயகத்தையும் தேர்தலையும் ஆராயும் தனி மையமும் இருக்கின்றன. கோலாலம்பூர்த் தமிழர் சங்கங்கள் தட்ட வேண்டிய கதவுகள் அவை.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு உண்மையில் சட்டத்தை மாற்றுமா? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

புகைப்பொருள் சட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு.

யுஎஸ்எம் வளாகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்கிவருகிறது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, மாத்திரை மாற்றி விழுங்கிய குழந்தை என்று நாடெங்கும் இருந்து மருத்துவர்களும் பெற்றோரும் அழைப்பது அந்த மையத்தைத்தான். புகையிலைக்கும் பிறகு மின்சிகரெட்டுக்கும் எதிராக அங்கிருந்து பல ஆண்டுகளாகக் குரல் எழும்பியது. நிகோட்டின் மூளைக்கும் இதயத்துக்கும் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல அதைவிடத் தகுந்த இடம் நாட்டில் குறைவு.

2022 ஜூலையில் புகைப்பொருள் கட்டுப்பாட்டு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்த எவருக்கும் சிகரெட் விற்கக்கூடாது என்ற துணிச்சலான பிரிவு அதில் இருந்தது. மசோதா சிறப்புத் தேர்வுக்குழுவுக்குப் போனது. இடையே, 2023 மார்ச் 31 அன்று, திரவ நிகோட்டின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மின்சிகரெட் திரவத்துக்கு வரி விதிப்பதற்காக எடுத்த முடிவு அது. புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்று. நடுவில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு காலம், சிறுவர்களுக்கு நிகோட்டின் திரவம் விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாமல் நாடு இருந்தது. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. எச்சரிக்கை சொல்லப்படாமல் இல்லை. சொன்னவர்கள் மருத்துவர்கள், மருந்தியலாளர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

தலைமுறைத் தடைப் பிரிவு கடைசியில் கைவிடப்பட்டது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு அது முரணாகலாம் என்பது அரசு தரப்பில் சொல்லப்பட்ட காரணம். நிகோட்டின் கெடுதல் என்பதை மருந்தியல் ஆய்வு நிரூபிக்கும். 2006இல் பிறந்தவரையும் 2008இல் பிறந்தவரையும் சட்டம் வேறுவேறாக நடத்தலாமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் இருக்காது. அதற்கு அரசியலமைப்புச் சட்டம் படித்தவர் வேண்டும். மகஜர் எழுதும்போது ஒரே துறையை நம்பாமல் இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்துப் பிடியுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மாநில அளவில் எந்த விஷயத்தில் இது மிக அவசியம்?

மலைச்சரிவு. தயக்கமில்லாமல் சொல்வேன்.

2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்று சரிந்து 11 பேர் இறந்தார்கள். ஒரே ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில், புக்கிட் குக்கூஸ் சாலைத் திட்டத்தில் மண் சரிந்து 9 பேர் இறந்தார்கள். இரண்டும் மழைக்காலத்தில், தீவின் இரு பக்கங்களில். தஞ்சோங் பூங்கா விபத்துக்கு மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

விதிகள் இல்லாமல் இது நடக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு ஒரு பகுதியை மலைநிலம் என்று அரசிதழில் அறிவிக்க முடியும். மாநிலக் கட்டமைப்புத் திட்டமும் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே கட்டுவதற்கு எல்லை போட்டிருக்கிறது. ஆனால் எந்த மேட்டை அறிவிப்பது, எதை அறிவிப்பிலிருந்து விலக்குவது, எந்தச் சரிவுக்கு என்ன விலக்கு என்பவையெல்லாம் மாநிலத்தின் கையில் இருக்கும் முடிவுகள். அந்த முடிவுகளுக்கு மண் தெரிந்தவர்கள் வேண்டும். யுஎஸ்எம் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. கட்டடப் பொறியியல் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நிபோங் திபால் நம் மக்கள் நிறைந்த ஊர். அங்கே பிறந்து அந்த வளாகத்திலேயே படித்த பிள்ளைகள் இதைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை.

பேராசிரியர்கள் இலவசமாகவா பேசுவார்கள்? பணம் கொடுத்தவர் பக்கம் சாய மாட்டார்களா?

கேட்க வேண்டிய கேள்வி. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, ஒரு பெரிய திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைத் தயாரிக்க ஆலோசகரை நியமிப்பவரும் பணம் கொடுப்பவரும் அந்தத் திட்டத்தின் உரிமையாளரே. ஆலோசகர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். அமைப்பு அப்படி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

பினாங்குத் தென்கரையில் மூன்று செயற்கைத் தீவுகள் எழுப்பும் திட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2019இல் பாதிப்பு அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. 2023இல் புதிய ஒப்புதல் வந்து, திட்டம் ஒரே தீவாகக் குறைந்தது. நிலம் மாநிலத்துடையது, ஒப்புதல் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறையுடையது, வாழ்வாதாரம் மீனவருடையது. இப்படிப்பட்ட இடத்தில் திட்டக்காரரிடம் ஒரு காசும் வாங்காத கடல் ஆய்வாளரின் சொல் விலைமதிப்பற்றது. தெலுக் பாஹாங்கின் முக்கா ஹெட்டில் யுஎஸ்எம் கடலாய்வு மையம் இருப்பது பினாங்கின் அதிர்ஷ்டம்.

எனவே ஓர் ஆய்வைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரையை அன்று. நிதி எங்கிருந்து வந்தது என்ற பக்கத்தைப் பாருங்கள். அது எழுதப்படவில்லை என்றால் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்த ஆய்வை மகஜரில் இணைக்காதீர்கள்.

அரசை விமர்சித்துப் பேசினால் விரிவுரையாளரின் வேலை போய்விடுமா?

ஆபத்து இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழக ஊழியர்கள் சட்டபூர்வ அமைப்புகளின் ஒழுங்குமுறைச் சட்டம் 2000இன் கீழ் வருகிறார்கள். பொதுவில் அறிக்கை விடுவதற்கு அதில் கட்டுப்பாடுகள் உள்ளன. 2014இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அஸ்மி ஷரோம், பேராக் அரசியல் நெருக்கடி பற்றிச் சொன்ன சட்டக் கருத்துக்காகத் தேசத்துரோகச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டார். அந்தச் சட்டமே செல்லாது என்று அவர் தொடுத்த வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் அரசு குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. பின்னாளில் அவரே தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவரானார்.

அரசியலமைப்பைக் கற்பிப்பவர் அரசியலமைப்பைப் பற்றிப் பேசியதற்கு நீதிமன்றத்தில் நின்றார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதனால், நமக்கு உதவும் விரிவுரையாளரை மேடையேற்றி முழக்கம் எழுப்ப வைக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், துறை வழியாகக் கேளுங்கள், அவர் ஆய்வுக்குட்பட்டதை மட்டும் கேளுங்கள். அவருக்குப் பாதுகாப்பு, நமக்கும் நம்பகத்தன்மை.

மாணவர்கள் ஈடுபடலாமா? என் மகளுக்கு உதவித்தொகை போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971இல் வந்தது. 1974 டிசம்பரில் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டபின், 1975 திருத்தம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது. ஒரு தலைமுறை முழுவதும், அரசியல் பேசினால் படிப்பு போய்விடும் என்று வீட்டிலும் சொல்லி வளர்த்தோம்.

பிறகு கட்டு மெல்ல அவிழ்ந்தது. 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே இருந்ததற்காக மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த அந்தப் பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2012 திருத்தம் கட்சியில் சேர அனுமதித்தது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைகளுக்கு இருந்த தடையும் நீக்கப்பட்டது. 2019 ஜூலையில் வாக்குரிமை வயதை 18 ஆக்கும் திருத்தம் 211 வாக்குகளுடன் மக்களவையில் நிறைவேறியது. அது 2021 டிசம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. வாக்குரிமை வயதைக் குறைக்கக் கேட்ட இயக்கத்தை நடத்தியவர்கள் மாணவர் வயதினர்.

உங்கள் மகள் தன் இறுதியாண்டு ஆய்வுக்குத் தன் குடியிருப்பின் வெள்ளப் பிரச்சினையை எடுத்துக்கொண்டால், அதுவே சட்டமன்ற உறுப்பினரின் மேசைக்குப் போகும் முதல் ஆவணமாகலாம். அதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.

தமிழர்களுக்கென்று தனியாக என்ன விஷயங்கள் இருக்கின்றன?

நிறைய. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியம் 1906ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தில் நிற்கிறது. நீரிணைக் குடியேற்றங்களை ஆங்கிலேயர் ஆண்ட காலத்துச் சட்டம் அது. கல்வி உதவி போன்று இன்று வாரியம் தொடும் பலவற்றை அன்று எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. வாரியத்தின் தலைமை மாறும்போதெல்லாம் நாம் ஆட்களைப் பற்றிப் பேசுகிறோம், சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வரலாற்றாசிரியரும் சட்டப் பேராசிரியரும் சேர்ந்து அதை வரிவரியாகப் படித்து ஓர் அறிக்கை தர வேண்டும்.

அடுத்தது குடியிருப்பு நிலம். யுஎஸ்எம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கம்போங் புவா பாலா 2009 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. மாடு வளர்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களின் கிராமம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. வழக்கு தொடங்குவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே அந்த மக்களின் குடியிருப்பு வரலாறு ஆய்வாக எழுதப்பட்டு, நில அலுவலகத்திலும் சட்டமன்றத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். இன்னும் அப்படிப்பட்ட குடியிருப்புகள் பெருநிலத்தில் இருக்கின்றன. அவற்றில் வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்தாக வேண்டும்.

மூன்றாவது மொழி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அத்துறைக்குத் தலைமை வகித்தவர் தனிநாயகம் அடிகளார். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரண் என்ற வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் நிராகரித்தது. ஆனால் அந்தக் கேள்வி மீண்டும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அடுத்த முறை வரும்போது உணர்ச்சியோடு சேர்ந்து ஆய்வும் நம் கையில் இருக்க வேண்டும்.

சரி, நடைமுறையில் எங்கே தொடங்குவது?

துணைவேந்தருக்கு எழுதாதீர்கள். அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். துறையின் பக்கத்தில் ஆய்வாளர்களின் பெயரும் அவர்கள் எழுதியவையும் இருக்கும். உங்கள் பிரச்சினையைத் தொட்டு எழுதியவரைத் தேடி, மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். “எங்களுக்கு உதவுங்கள்” என்றால் பதில் வராது. “எங்கள் பள்ளியின் பின்புற மேட்டில் மூன்று இடங்களில் வெடிப்பு விட்டிருக்கிறது, படங்கள் இணைப்பில், இது ஆபத்தா என்று பார்த்து எழுத்தில் சொல்ல முடியுமா” என்று கேட்டால் வர வாய்ப்பு அதிகம்.

நேரம் பாருங்கள். பினாங்குச் சட்டமன்றம் பொதுவாக ஆண்டுக்கு இருமுறைதான் கூடுகிறது. மசோதா மன்றத்தில் வைக்கப்பட்டபின் ஒரு சொல்லை மாற்றுவதுகூடக் கடினம். கூட்டத்தொடருக்கு மாதங்கள் முன்பே, வரைவு அதிகாரிகளின் மேசையில் இருக்கும்போதே, கருத்து போய்ச் சேர வேண்டும். கூட்டரசுச் சட்டங்களுக்கு வரைவு நிலையில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் இணையத்தளம் உண்டு. வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையைச் சங்கத்தில் ஒரு இளைஞரிடம் ஒப்படையுங்கள்.

மாநில அரசு வைத்திருக்கும் ஆய்வறிக்கையைப் பார்க்க முடியுமா?

பினாங்குக்குத் தகவல் சுதந்திரச் சட்டம் 2010 இருக்கிறது. மாநிலத் துறைகளிடம் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் கூட்டரசு அமைப்பு என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே மாநிலத்துக்காகப் பல்கலைக்கழகம் எழுதிய அறிக்கையை, அதைப் பெற்றுக்கொண்ட மாநிலத் துறையிடம் கேளுங்கள்.

ஆய்வாளர் எழுதித் தந்துவிட்டார். அடுத்து?

மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். ஒன்று பொறுப்புள்ள ஆட்சிக்குழு உறுப்பினருக்கு. ஒன்று எதிர்க்கட்சியில் அந்தத் துறையைப் பற்றிப் பேசுபவருக்கு. இதைச் செய்தால் யாரும் இதை ஒரு கட்சியின் ஆவணம் என்று ஒதுக்க முடியாது. கூட்டத்தொடரில் இதை வாய்மொழிக் கேள்வியாக எழுப்பும்படி உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். கேள்வி எழுந்தால் ஆட்சிக்குழுவின் பதில் மன்ற அறிக்கையில் ஏறும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பதிலில் ஏதேனும் தேதியோ வாக்குறுதியோ இருந்தால் அடிக்கோடிட்டு, சங்கக் கோப்பில் வையுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான கடிதத்தை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.